நீளமான லீடு ஸ்க்ரூவுக்குத் தாங்கி வைப்பது எப்படி? வீட்டில் கட்டும் சிஎன்சி ரவுட்டருக்கான முழுமையான வழிகாட்டி

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை தாண்டி பாறசாலை வரை, கதவு செதுக்க சொந்தமாக சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்படி மரம் செதுக்கும் இயந்திரம்) கட்டும் மரப்பட்டறைகளை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். ஏழு அடிக் கதவு படுக்க வேண்டும் என்பதால் நீள அச்சின் லீடு ஸ்க்ரூ (மோட்டார் சுற்ற, தன் மேல் ஓடும் நட்டு வழியாக வெட்டும் பகுதியை நகர்த்தும் மரைத் தண்டு) 2400 மி.மீ. அளவுக்குப் போய்விடுகிறது. சின்ன இயந்திரத்தில் தலைகாட்டாத தொல்லைகளெல்லாம் அந்த நீளத்தில் வரும். ஸ்க்ரூ நடுவில் தொங்கும், வேகம் கூட்டினால் துள்ளும், படிப்படியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார் ஸ்டெப் விடும், அதாவது சுற்ற வேண்டிய படியைத் தவறவிடும்.

உடனே வரும் கேள்வி: "நடுவுல ஒரு பேரிங் வச்சா போதாதா அண்ணே?" போதாது. நட்டு அந்த இடத்தைக் கடந்தாக வேண்டும், நடுவில் நிற்கும் பேரிங் அதை மறிக்கும். நடுத்தாங்கி என்பது நட்டுக்கு வழிவிடும் ஒன்றாக இருக்க வேண்டும். அதைக் கடைசியாகத்தான் பொருத்த வேண்டும். மற்றவை சரியில்லாத ஸ்க்ரூவுக்குத் தாங்கி வைத்தால் கோளாறு மறையும், தேய்மானம் இரட்டிப்பாகும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

காந்த அடிப்பாகத்துடன் ஒரு டயல் கேஜ், அதாவது நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் கருவி. இது இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். கண்ணுக்கு நேராகத் தெரியும் ஸ்க்ரூ அரை மி.மீ. விலகி இருக்கும்.

வெர்னியர் காலிப்பர், 0.05 முதல் 0.5 மி.மீ. வரை ஷிம் எனும் மெல்லிய இடைத்தகடுகள், ஆலன் கீ செட், தண்டைக் கிடத்த வி வடிவப் பள்ளமுள்ள இரண்டு வி பிளாக். வி பிளாக் இல்லையென்றால் பக்கத்து லேத் பட்டறையில் கேளுங்கள், அரை நாளுக்குக் கொடுப்பார்கள்.

லீனியர் ரெயில்கள் இரண்டும் ஏற்கெனவே இணையாக, மட்டமாக இறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்க்ரூவை எதற்கு நேராக வைப்பது என்பதற்கு அளவுகோல் ரெயில்தான். ரெயில் கோணலாக இருந்தால் கீழே சொல்லும் எதுவும் பலிக்காது.

ஸ்க்ரூ இன்னும் வாங்கவில்லையா? ஒரு வார்த்தை. பஸ் பார்சலிலோ லாரியிலோ வரும் நீள ஸ்க்ரூ வழியிலேயே வளைந்துவிடும். தடித்த பிவிசி குழாய்க்குள் வைத்து இரு முனையும் அடைத்து அனுப்பச் சொல்லுங்கள். நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை.

2. கோளாறு எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

நடுவில் ஸ்க்ரூ ஆடுகிறது என்றால் அதற்கு நான்கு காரணங்கள் உண்டு: சொந்த எடையால் தொய்வு, ஸ்க்ரூவே வளைந்திருப்பது, முனைகள் நேர்கோட்டில் இல்லாதது, வேகம் எல்லை மீறியது. நான்குக்கும் மருந்து வேறு. புதிதாகக் கட்டுபவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான்.

மின் இணைப்பைப் பிடுங்குங்கள். மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றி மோட்டாரை விலக்குங்கள். நட்டை ஒரு முனையோரம் நிறுத்திவிட்டு, ஸ்க்ரூவின் நடுவில் டயல் கேஜ் முனையை வைத்து, கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். மரை மீது முனை ஏறி இறங்குவதைத் தவிர்க்க, முனையில் அகலமான தட்டையான தொப்பியை மாட்டிக்கொள்ளுங்கள்.

சுற்றச் சுற்ற அளவு ஏறி இறங்கினால் ஸ்க்ரூ வளைந்திருக்கிறது. அளவு மாறாமல், ஆனால் ஸ்க்ரூ முனைகளைவிட நடுவில் தாழ்ந்திருந்தால் அது தொய்வு. தொய்வு எப்போதும் கீழ்நோக்கியே இருக்கும், வளைவு ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றும். கையால் சுற்றும்போது நட்டு நடுவில் லேசாகவும் முனைகளில் இறுக்கமாகவும் ஓடினால் முனைகள் நேர்கோட்டில் இல்லை. கையில் சுற்றும்போது எல்லாம் சரி, மோட்டாரில் வேகமாக ஓடும்போது மட்டும் துள்ளினால் வேகப் பிரச்சினை.

கப்ளிங் கழற்றியதும் ஆட்டம் குறைந்துவிட்டதென்றால் மோட்டார் மையம் விலகியிருக்கிறது. மோட்டார் தட்டைத் தளர்த்தி மையம் பிடியுங்கள். தாங்கியே தேவைப்படாமல் போகலாம்.

வளைந்த ஸ்க்ரூவை வி பிளாக்கில் வைத்து வளைவு எங்கே என்று குறித்துக்கொண்டு, கை பழகிய டர்னரிடம் கொண்டுபோங்கள். ஓரளவு நிமிர்த்தித் தருவார். பால் ஸ்க்ரூவை (நட்டுக்குள் எஃகுக் குண்டுகள் உருளும் வகை) வீட்டில் சுத்தியலால் தட்ட வேண்டாம். மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டது, அடி விழுந்த இடம் நட்டுக்குள் இருக்கும் குண்டுகளைத் தின்றுவிடும்.

3. கணக்குப் போடுங்கள்

ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு துள்ளல் வேகம் உண்டு. அதைத் தொட்டால், இரண்டு பேர் பிடித்துச் சுற்றும் ஸ்கிப்பிங் கயிறு வயிறு தள்ளுவதுபோல ஸ்க்ரூ வெளியே வீசும். பாதுகாப்பாக ஓட்டக்கூடிய சுற்று எவ்வளவு என்பதற்குச் சூத்திரம் எளிது. மரை அடிவிட்டத்தை மி.மீ.-இல் எடுத்து, முனை எண்ணால் பெருக்கி, தாங்கிகளுக்கு இடைப்பட்ட நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது வரும். 20 சதவீதப் பாதுகாப்பு இந்த எண்களிலேயே கழிக்கப்பட்டிருக்கிறது.

முனை எண்: இரு முனையும் சாதாரண பேரிங் என்றால் 9.7 கோடி. ஒரு முனை இறுக்கிப் பிடித்து மறுமுனை சாதாரணம் என்றால் 15.1 கோடி. இரு முனையும் இறுக்கிப் பிடித்தால் 21.9 கோடி. ஒரு முனை அந்தரத்தில் நின்றால் வெறும் 3.4 கோடி.

1605 பால் ஸ்க்ரூவை எடுங்கள். வெளிவிட்டம் 16, ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு, அடிவிட்டம் ஏறத்தாழ 13. தாங்கி இடைவெளி 2400. ஒரு முனை இறுக்கம், மறுமுனை சாதாரணம் என்றால் சுமார் 340 ஆர்பிஎம் வரும். அதாவது நிமிடத்துக்கு 1.7 மீட்டர். செதுக்கு வேலைக்கு இது ஆமை வேகம். அதே நீளத்தில் 2510 போட்டால் அடிவிட்டம் 21 அளவில் இருப்பதால் சுமார் 550 ஆர்பிஎம், ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. என்பதால் நிமிடத்துக்கு 5.5 மீட்டர்.

பார்த்தீர்களா? ஸ்க்ரூவை மாற்றினாலே மூன்று மடங்குக்கு மேல் கிடைக்கிறது, தாங்கி எதுவும் இல்லாமல். இன்னும் வாங்காதவர்களுக்கு என் யோசனை இதுதான். ஸ்க்ரூ தடித்தால் அதைச் சுழற்ற மோட்டாருக்குப் பாரம் கூடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

தொய்வு வேறு கணக்கு. நீளத்தின் நான்காம் அடுக்கில் அது கூடும். 2400 மி.மீ. நீளமுள்ள 16 மி.மீ. ஸ்க்ரூ, இரு முனையும் சாதாரண பேரிங்கில் இருந்தால் நடுவில் 12 மி.மீ.-க்கு மேல் தொங்கும். ஒரு முனையை இறுக்கிப் பிடித்தால் 5 மி.மீ. அளவுக்குக் குறையும். நடுவில் ஒரு தாங்கி வந்து நீளம் பாதியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்கு, மி.மீ.-க்கும் கீழே.

தொங்கினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். வெட்டும் தலையைச் சுமந்து நகரும் பாலமான கேன்ட்ரி, ரெயிலில் நேராகப் போகிறது. நட்டு நடுவுக்கு வரும்போது தொங்கும் ஸ்க்ரூவை அதுதான் தூக்கிப் பிடிக்க வேண்டும். பால் நட்டு நீளவாக்கில் தள்ளுவதற்கானது, பக்கச்சுமை தாங்குவதற்கானது அல்ல. குண்டுகள் ஒரு பக்கமாகத் தேயும். ஆறு மாதம் கழித்து, "நட்டு லூசாகிவிட்டது, மட்டமான சரக்கு" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

4. முனைத் தாங்கிகள்

முனைகளைப் பிடிக்கும் பேரிங் கட்டைகள் பிகே, பிஎஃப் என்ற பெயரில் ஜோடியாக வரும். 16 மி.மீ. ஸ்க்ரூவுக்கு பிகே12, பிஎஃப்12 ஜோடி. 20-க்கு பிகே15, பிஎஃப்15. 25-க்கு பிகே20, பிஎஃப்20. பிகே மோட்டார் பக்கம். அதற்குள் ஜோடி ஆங்குலர் கான்டாக்ட் பேரிங் இருக்கும், நீளவாக்குத் தள்ளல் முழுவதையும் அது தாங்கும். கணக்கில் சொன்ன இறுக்கிப் பிடித்த முனை இதுதான். பிஎஃப்-இல் இருப்பது சாதாரண பால் பேரிங். ஸ்க்ரூவின் வாலைப் பக்கவாட்டில் பிடிப்பதோடு அதன் வேலை முடிந்தது.

பிகே லாக் நட்டை, ஸ்க்ரூவை முன்பின் இழுத்தால் ஆட்டம் துளியும் இல்லை, கையால் சுற்றினால் சொரசொரப்பும் இல்லை என்ற இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம்தான் பக்கத்து சின்ன ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். அதன் அடியில் செம்பு அல்லது பித்தளைத் துண்டு இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் மரை நசுங்கிவிடும்.

பிஎஃப் பக்கம் பேரிங் தன் கூட்டுக்குள் நீளவாக்கில் கொஞ்சம் நகர இடம் வேண்டும். ஓடி ஓடி ஸ்க்ரூ சூடானால் நீளும். ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.012 மி.மீ. நீளும் என்பதால் 2.4 மீட்டர் ஸ்க்ரூ 10 டிகிரி ஏறினால் 0.29 மி.மீ. நீளும். அது போக இடமில்லாவிட்டால் நடுவில்தான் வளையும். இங்கே லாக்டைட் பசை ஊற்றி ஒட்டிவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

5. நேர்கோடு பிடித்தல்

டயல் கேஜை கேன்ட்ரி வண்டியில் மாட்டி, ஸ்க்ரூவின் மேற்பக்கத்தை பிகே ஓரத்திலும் பிஎஃப் ஓரத்திலும் அளந்து பாருங்கள். நடுவில் அளக்காதீர்கள், அங்கே தொய்வு குழப்பும். அப்புறம் பக்கவாட்டிலும் அதேபோல. இரு முனைக்கும் வித்தியாசம் 0.05 மி.மீ.-க்குள் வரும்வரை ஷிம் வைத்துச் சரிசெய்யுங்கள்.

இறுக்கும் வரிசை முக்கியம். நட்டு பிடிமானத்தின் போல்ட்களைத் தளர்வாக விட்டு, கேன்ட்ரியை பிகே-க்கு மிக அருகே கொண்டுவந்து, பிகே-யையும் நட்டு பிடிமானத்தையும் அங்கேயே இறுக்குங்கள். பிறகு கேன்ட்ரியை பிஎஃப் ஓரம் கொண்டுபோய், நட்டு காட்டும் இடத்திலேயே பிஎஃப்-ஐ இறுக்குங்கள். நட்டு அருகில் இருக்கும்போது ஸ்க்ரூ வளைந்துகொடுக்க நீளமில்லை, ஆகவே உண்மையான மையம் தெரியும். கேன்ட்ரி நடுவில் நிற்கும்போது முனைகளை இறுக்கினால் ஸ்க்ரூ வளைந்துகொடுத்து, தவறை மறைத்துவிடும்.

இப்போது கப்ளிங் இல்லாமல் முழு நீளமும் கையால் ஓட்டிப் பாருங்கள். எங்கும் ஒரே கனமாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

6. இழுத்துக் கட்டுதல்: சட்டம் எஃகாக இருந்தால் மட்டும்

பிஎஃப்-க்குப் பதில் அந்த முனையிலும் ஒரு பிகே போட்டு, அதன் லாக் நட்டால் ஸ்க்ரூவை லேசாக இழுத்து வைக்கலாம். 2400 நீள 16 மி.மீ. ஸ்க்ரூவை வெறும் 0.05 மி.மீ. நீட்டினாலே ஏறத்தாழ 55 முதல் 60 கிலோ இழுவை வந்துவிடும். தொய்வும் குறையும், துள்ளல் வேகமும் ஏறும். வால்முனை இதற்கேற்ற மரையோடு கடையப்பட்டிருக்க வேண்டும், அதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு இழுத்தோம் என்பதை ஸ்க்ரூவின் வால் நுனியில் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். கூடவே பேரிங் நிற்கும் தட்டின் பின்னாலும் ஒன்று வையுங்கள். தட்டு உள்ளே சாய்ந்தால் நீங்கள் இழுத்தது தட்டை, ஸ்க்ரூவை அல்ல.

சட்டம் அலுமினியம் எக்ஸ்ட்ரூஷன் என்றால் இந்தப் படியைத் தொடவே வேண்டாம். அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளும். காலை ஈரக் குளிரில் கட்டியதை, ஷீட் கூரை வெயிலில் கொதிக்கும் மதியத்தில் பாருங்கள். 10 டிகிரி ஏறினாலே 2.4 மீட்டருக்கு சட்டம் ஸ்க்ரூவைவிடக் கால் மி.மீ.-க்கு மேல் கூடுதலாக நீண்டிருக்கும். அதாவது 300 கிலோ அளவுக்குக் கூடுதல் இழுவை. பேரிங் கத்தும்.

7. கூடவே நகரும் தாங்கிகள்

இதுவரை செய்தும் தேவையான வேகம் வரவில்லை, தடித்த ஸ்க்ரூவுக்கு மாறவும் வழியில்லை என்றால்தான் இது.

அமைப்பு இப்படி. நட்டின் மோட்டார் பக்கம் ஒரு தாங்கிக் கட்டை, மறுபக்கம் ஒன்று. இரண்டையும் ஸ்க்ரூ நீளத்தில் பாதி அளவுள்ள ஒரு கம்பியால் இணைக்கிறோம். 2400-க்கு 1200. கம்பி, நட்டு பிடிமானத்தில் போட்ட பெரிய துளை வழியாகத் தொடாமல் போகும். 10 மி.மீ. கம்பிக்கு 14 மி.மீ. துளை போதும்.

நட்டு மோட்டார் முனையில் நிற்கும்போது முதல் கட்டை அந்த முனையிலும் இரண்டாவது நடுவிலும் இருக்கும். நட்டு நடுவுக்கு வந்து இரண்டாவது கட்டையைத் தொட்டுத் தள்ளத் தொடங்கும்போது, கம்பி முதல் கட்டையைப் பின்னாலேயே இழுக்கும். நட்டு கடைசி முனைக்குப் போய்ச் சேரும்போது முதல் கட்டை நடுவுக்கு வந்திருக்கும். நட்டு எங்கே நின்றாலும் தாங்கியில்லாத நீளம் பாதிக்கு மேல் போகாது. மோட்டாரும் ஸ்பிரிங்கும் தேவையில்லாத இந்த ஏற்பாடுதான் வீட்டு இயந்திரத்துக்குச் சரி என்பது என் கருத்து.

கட்டைகளுக்குத் தனி வழித்தடம் வேண்டும். அதே லீனியர் ரெயிலில் கூடுதல் வண்டி போடுவது நல்லது. இடமில்லையென்றால் ஸ்க்ரூவுக்குக் கீழே தனி ரெயில். வழித்தடம் இல்லாமல் ஸ்க்ரூ மீதே தொங்கவிட்ட கட்டையைப் பார்த்திருக்கிறேன். அது தாங்கி அல்ல, கூடுதல் எடை.

கட்டைக்குள் ஸ்க்ரூவைச் சுற்றி நிற்கும் வளையமான புஷ்ஷை எதில் செய்வது? டெல்ரின் அல்லது யுஎச்எம்டபிள்யூ பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். கடையில் முதலில் எடுத்து நீட்டுவது நைலான்தான். ஆனால் நைலான் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து வீங்கும். குமரி மாவட்டத்துக்கு தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் மழை கொட்டும். ஏப்ரலில் சரியாக இருந்த துளை ஜூனில் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும். கன்மெட்டல் புஷ் மரத்தூள் விழும் இடத்தில் வேண்டாம், தூளோடு வரும் மணலை ஸ்க்ரூ மீது தேய்க்கும்.

துளை விட்டம் ஸ்க்ரூவின் வெளிவிட்டத்தைவிட 0.2 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். இறுக்கமாகப் போட்டால் மோட்டாருக்குப் பாரம், தளர்வாகப் போட்டால் துள்ளலை அடக்காது. துளை வழுவழுப்பாக, மரை இல்லாமல் இருக்க வேண்டும். புஷ் நீளம் ஒரு சுற்று நகர்வின் மூன்று மடங்காவது இருக்க வேண்டும், 10 மி.மீ. நகர்வுக்கு 30. அதற்குக் குறைந்தால் புஷ் ஓரம் மரைப் பள்ளத்தில் தட்டித் தட்டிப் போகும். துளையின் இரு வாயையும் சரிவாகக் கடையச் சொல்லுங்கள்.

மாட்டும்போது கவனம். முதல் கட்டை மோட்டார் முனை வழியாகவும் இரண்டாவது வால் முனை வழியாகவும் ஏற வேண்டும். நட்டைக் கழற்றத் தேவையே இல்லை. பால் நட்டை, குண்டுகளை உள்ளே பிடித்துவைக்கும் குழாய் கொடுக்காமல் வெளியே இழுத்தால் குண்டுகள் தரையெல்லாம் சிதறும், மரத்தூளில் தேடிப் பொறுக்குவது அன்றைய வேலையாகிவிடும்.

புஷ் உயரத்தை அமைக்க ஒரு வழி: கட்டையை பிகே-க்கு ஒட்டினாற்போல் கொண்டுவந்து, புஷ் பிடிமானத்தைத் தளர்த்தி, ஸ்க்ரூவைச் சுற்றியும் சம இடைவெளி வரும்படி 0.1 ஷிம் செருகி அங்கேயே இறுக்குங்கள். தொய்வு இல்லாத இடம் அதுதான். நடுவில் வைத்து அமைத்தால் தொய்ந்த உயரத்துக்கே புஷ்ஷைப் பொருத்திவிடுவீர்கள்.

நட்டு கட்டையைத் தொடும் இடத்தில் மெத்தை வேண்டும். நிமிடத்துக்கு 4 மீட்டர் வேகத்தில் மோதினால் ஸ்டெப் போகும், செதுக்கும் பூவில் கோடு விழும். ரப்பருக்குப் பஞ்சமில்லாத ஊர்தான், ஆனால் இயற்கை ரப்பர் கிரீஸ் பட்டால் ஊதிக் கூழாகும். நைட்ரைல் அல்லது பாலியூரிதேன் துண்டு போடுங்கள். கட்டையின் எடையையும் குறையுங்கள்.

ஒவ்வொரு முனையிலும் ஒரு கட்டையின் தடிமனும் மெத்தையும் ஓட்ட நீளத்தைத் தின்னும். 30 மி.மீ. கட்டை என்றால் மொத்தம் 70, 80 மி.மீ. போய்விடும். ஸ்க்ரூ ஆர்டர் கொடுக்கும்போதே கூட்டிக்கொள்ளுங்கள். ஓட்டத்தை முனையில் நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச்களையும் அதற்கேற்ப நகர்த்துங்கள், மறந்தால் கட்டை முனைத் தாங்கியில் போய் நசுங்கும்.

நீளம் பாதியானால் கணக்குப்படி வேகம் நான்கு மடங்கு. நடைமுறையில் அதை எதிர்பார்க்காதீர்கள். புஷ்ஷில் இடைவெளி இருப்பதால் அதைச் சாதாரண முனையாகவே கணக்கிட வேண்டும். 1200 நீளத்துக்கு 9.7 கோடி வைத்துப் பார்த்தால் 1605-க்கு சுமார் 875 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 4.4 மீட்டர். முன்பு 1.7 தானே? போதும்.

8. விலகிக் கொடுக்கும் தாங்கி

நடுவில் கீலில் நிற்கும் ஒரு கை, அதன் தலையில் அரைவட்ட டெல்ரின் தொட்டி. கேன்ட்ரியில் உள்ள சரிவுப் பட்டை வந்து கையைக் கீழே அமுக்கும், கடந்ததும் ஸ்பிரிங் தூக்கிவிடும். பழைய நீள லேத்களில் இதுபோன்ற சாயும் தாங்கிகளைப் பார்க்கலாம்.

தொய்வுக்கு இது நன்றாக உதவும். துள்ளலுக்கு உதவாது, மேல்பக்கம் திறந்திருக்கிறதே. மெதுவாக ஓடும் தடித்த லீடு ஸ்க்ரூ வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

9. ஓட்டிப் பார்த்து வேகத்தைப் பூட்டுதல்

கப்ளிங்கை மாட்டுங்கள். லுங்கி, தோள் துண்டு, தொங்கும் சட்டைக்கை எதுவும் வேண்டாம். சுற்றும் ஸ்க்ரூ துணியைப் பிடித்தால் ஆளை இழுத்துவிடும்.

நிமிடத்துக்கு 500 மி.மீ.-இல் தொடங்கி 500, 500 ஆகக் கூட்டுங்கள். ஒவ்வொரு வேகத்திலும் முழு நீளம் போய்வரட்டும். நட்டு ஒரு முனையோரம் இருக்கும் நேரத்தைக் கூர்ந்து பாருங்கள், தாங்கியில்லாத நீளம் அப்போதுதான் அதிகம். துள்ளல் முதலில் காதுக்குத்தான் வரும், "உம்ம்" என்று ஒரு முனகல். அந்த வேகத்தைக் குறித்துக்கொண்டு, அதில் 80 சதவீதத்தைக் கட்டுப்பாட்டு மென்பொருளில் அந்த அச்சின் உச்ச வேகமாகப் பூட்டுங்கள். ஃபீட் வேகத்தை மட்டும் குறைத்தால் போதாது. வெட்டாமல் ஓடும் ரேபிட் நகர்வு அதை மதிக்காது, பெரும்பாலும் ஸ்க்ரூ துள்ளுவதும் ரேபிட்டில்தான்.

பிறகு ஒரு புள்ளியில் டயல் கேஜ் வைத்து, இருபது தடவை முனைக்கு முனை ஓட்டிவிட்டுத் திரும்ப அதே புள்ளிக்கு வரச்சொல்லுங்கள். அளவு விலகினால் ஸ்டெப் போகிறது. மெத்தை, புஷ் இறுக்கம், ஆக்சிலரேஷன் என்ற வரிசையில் பாருங்கள்.

10. தூளும் துருவும்

தேக்கும் அயனியும் செதுக்கும்போது பறக்கும் தூள் கிரீஸில் ஒட்டிப் பசையாகும். புஷ் அதை வழித்து வாயில் சேர்த்து வைக்கும். வாரம் ஒருமுறை துணியால் துடைத்து, கிரீஸைக் குறைவாகத் தடவுங்கள். காற்றுக் குழாயால் ஊதாதீர்கள், தூள் நட்டுக்குள் போகும். நகரும் தாங்கி இருக்கும்போது சுருக்கு உறை மாட்டுவது சிரமம். ஆட்டோ சீட் தைப்பவரிடம் ரெக்ஸின் மடிப்பு வாங்கி ஸ்க்ரூவுக்கு மேலே கூரைபோல் தொங்கவிடுவது எளிது.

குளச்சல், முட்டம் என்று கடலோரம் பட்டறை வைத்திருப்பவர்கள், மழைக்காலத்தில் இயந்திரம் சில நாள் ஓடாமல் நிற்கப்போகிறதென்றால் ஸ்க்ரூ முழுக்க எண்ணெய் தடவிவிட்டுப் போங்கள். புஷ் தொட்டு நிற்கும் இடத்தில்தான் ஈரம் தங்கித் துரு முதலில் பிடிக்கும். திரும்பி வந்ததும் மோட்டாரை முடுக்கும் முன் கட்டைகளைக் கையால் நகர்த்தி, அந்த இரண்டு இடங்களையும் பார்த்துவிடுங்கள்.